கலங்கரை உபதேசியார் பெண்டாட்டி

அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது கொளஞ்சியம்மாளின் வேலை. சபையில் ஆம்பளைகள் இல்லாமலில்லை. பந்தலை எந்தப் பக்கம் போடுவது என்று பேசவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது. அவள் ஏணியில் நின்று சுவரை வெளுத்துக்கொண்டே வருவாள். பீடத்துக்கு வலப்பக்கம் வந்ததும் கையைச் சுருக்கிக்கொள்வாள். அங்கே ஒரு கலங்கரை விளக்கம் வரைந்திருந்தது. அதன்மேல் ஒரு சொட்டு தெறித்தாலும் அவள் புருஷன் ராசாங்கம் உபதேசியாருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

வரைந்தவன் ஜெயங்கொண்டத்துப் போர்டு பெயிண்டர். கடலையே பார்க்காதவன். உபதேசியார் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த உயரமான ஒன்றை, அதாவது சிமெண்ட் ஆலைப் புகைபோக்கியை வரைந்து, உச்சியில் நாலு மஞ்சள் கோடு இழுத்துவிட்டான். அந்தக் கோடுகளும் நேராகப் போகாமல் சுருண்டுகொண்டு போயின.

"இன்னிக்கி ஆலை ஓடுதா, உபதேசியாரம்மா?" என்பார்கள் பருத்தியில் அவளோடு களையெடுக்கும் பெண்கள்.

"லீவு வுட்டாச்சு. சுண்ணாம்பு அடிக்கிறாங்கள்ல" என்பாள் அவள்.

அவள் பிறந்தது விக்கிரமங்கலத்தில். அப்பனும் ஆத்தாளும் யாரோ ஒருவர் நிலத்தில் குனிந்தே கிடந்தவர்கள். ராசாங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தபோது கிருபையம்மாள் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்தப் பெயர் சபைப் பதிவேட்டிலேயே சௌகரியமாகத் தங்கிவிட்டது, வெளியே வரவே இல்லை. இயேசுசாமியை மட்டும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இத்தனை கூட்டத்துக்கும் பசிக்குமே என்று யோசித்துப் பார்த்த சாமி. அவருக்காகப் பேசக் கிளம்பியவர்களிடம்தான் அவளுக்கு அவ்வளவாக மரியாதை வரவில்லை.

கலங்கரை விளக்கத்தின் கதையும் அவளுக்குத் தெரியும். எழுபதாம் வருஷம் நாகப்பட்டினத்தில் ஒரு கூட்டம். மகள் ஞானப்பூவுக்கு அப்போது ஆறு வயசு, அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நடு மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்தது. கலங்கரை விளக்கத்தின் கேட் பூட்டியிருந்தது. உபதேசியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து அண்ணாந்து நின்றார். வெளிச்சம் என்று அவர் அங்கே பார்த்தது சூரியனைத்தான். பொழுது சாயுமுன்னே பஸ் ஏறிவிட்டார்கள். எரிந்து ஒருநாளும் பார்க்காத அந்த விளக்கை வைத்துப் பதினாலு வருஷமாகப் பிரசங்கம். கல்யாணத்துக்கும் அதுதான், கருமாதிக்கும் அதுதான். அமாவாசைக் கிழவர் செத்தபோது, ஏரிக்கு அந்தாண்டை போயறியாத மனுஷனை நடுக்கடலில் தத்தளிக்கவிட்டு, புயலடிக்க வைத்து, ஒருவழியாகக் கரை சேர்த்தார். அப்புறம்தான் குழியில் இறக்க முடிந்தது. ஊரில் அவர் பெயரே கலங்கரை உபதேசியார் என்றாகிவிட்டது. அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷப் பண்டிகைக்கு, சர்க்கிள் சபைகளுக்கெல்லாம் பெரியவரான பாதிரி ஐயர் சனிக்கிழமை சாயங்காலமே வந்து தங்குவதாக இருந்தது. பிரசங்கம் பிடித்துப்போனால் உபதேசியாரை அரியலூருக்கு மாற்றுவாராம், ஓட்டு வீட்டோடு. அந்தப் பிரசங்கத்தை உபதேசியார் ஒரு வாரமாக மாட்டுக்கும் வேலிக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கொளஞ்சியம்மாள் ஏணியில் நிற்கும்போது, ஞானப்பூ ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். குன்னத்தில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம். மாப்பிள்ளை தர்மன் வெங்காய மண்டியில் இருந்தான். பை வலது கையில் இருந்தது. இடது மணிக்கட்டு புடைத்துக் கருத்திருந்தது. "இனிமே போகலம்மா" என்று மட்டும் சொன்னாள். கொளஞ்சியம்மாள் இறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் உபதேசியார் நாற்காலியில் பைபிளை விரித்து வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஒம்போது மணி பஸ்ஸுல அவளைக் கொண்டுபோய் வுட்டுட்டு வந்துரு."

"கையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஜெபம் பண்ணினேன்."

"வீக்கம் வத்தலியே."

"ஐயர் வர்ற நேரம், கொளஞ்சி. வாழாம வந்தவ ஒருத்தி வூட்டுல ஒக்காந்திருந்தா என்ன நெனப்பாரு? சொந்தக் குடும்பத்தையே நடத்தத் தெரியல, இவன் சபையை எங்க நடத்தப் போறான்னு கேக்க மாட்டாரா?"

அடுப்பங்கரையில் ஒற்றைக் கையால் முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஞானப்பூ கையை நிறுத்தினாள்.

"நாளைக்குப் பிரசங்கத்துலயும் கப்பல்தானே?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"வேற என்ன?"

"வெளிச்சம் கப்பலைப் பாத்து, நீ எந்த ஊரு, யாரு வூட்டுக் கப்பலுன்னு கேக்காதுன்னு சொல்லுவீங்களே. அது உண்டா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அந்த எடத்துலதான ஜனங்க அழுவாங்க."

"பாதியில ஏன் திரும்பி வந்தேன்னு கேக்குமா?"

உபதேசியார் பைபிளை மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"அது பிரசங்கம், கொளஞ்சி. இது குடும்பம்."

அவள் சிரித்ததுபோலத்தான் இருந்தது. மூலையில் கிடந்த மகளின் பையைத் திறந்தாள். மூன்று புடவை, இரண்டு பாவாடை, ஒரு துண்டு. எல்லாவற்றையும் வாளியில் போட்டுக் குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். சுண்ணாம்பு தின்ற விரல்கள் சுரீரென்று எரிந்தன. நன்றாக அமுக்கி முக்கினாள்.

"அதை ஏன் நனைக்கிறே? ஈரத் துணியோட பஸ்ஸுல எப்புடிப் போவா?"

அவள் ஒவ்வொன்றாகப் பிழிந்தாள். துணி காயப்போடும் கொடி கோயில் வாசலுக்கு நேராகத்தான் கட்டியிருந்தது. ஐயர் வண்டியை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். உபதேசியாருக்கு அது இப்போதுதான் உறைத்தது. நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அவ இங்கதான் இருக்கான்னு ஊருக்கே கொடி கட்டப் போறியா? இந்தா, எங்க கொண்டு போறே? உன்னத்தான் கேக்குறேன்."

கொளஞ்சியம்மாள் வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தாழ்ந்த நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனாள்.