பூஜை போட்ட பெட்ரோல் பம்பு

இந்த மைசூர்ச் சீமைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என்னைத் திடுக்கிட வைத்தது அரண்மனையோ யானையோ இல்லை. ஆயுத பூஜை அன்று இவர்கள் காருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு ஜாம் ஜாமென்று ஓட்டிப் போவதுதான். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் பூஜையில் வைத்த அரிவாள்மணையை மறுநாள் வரை யாரும் தொட முடியாது. ராத்திரிச் சமையலுக்குக் காய் வேண்டுமென்றால் முன்பே நறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இங்கேயோ, பூஜை போடுவதே ஓட்டத்தானே என்று சிரிக்கிறார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். நானும் சுளித்தவள்தான், குண்டலுபேட்டையில் மாட்டிக்கொள்ளும் வரை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தசரா விடுமுறைக்கு என் நாத்தனார் வீட்டுக்கு, குண்டலுபேட்டைக்குப் போயிருந்தோம். ஆயுத பூஜை அன்று மத்தியானம் எங்கள் மகள் ருக்குவுக்குத் தொண்டை வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவளுக்கு அப்போது மூன்று வயது. அந்த ஊர் டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், தொண்டை அடைப்பான் என்றார், இதற்கான ஊசி மைசூர் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, உடனே கிளம்புங்கள் என்றார். என் கணவர் காரின் பெட்ரோல் டாங்கியில் குச்சியை விட்டுப் பார்த்தார். நுனி மட்டும்தான் நனைந்திருந்தது. வழியில் இருக்கும் நஞ்சன்கூடு வரைக்கும்கூடத் தாங்காது.

ஊரில் இருந்த ஒரே பெட்ரோல் பங்கில் ஒரே ஒரு கைப்பம்பு. அதற்கு வாழைக்கன்று கட்டி, பட்டை பட்டையாக விபூதி பூசியிருந்தார்கள். காலடியில் மணைமேல் மஞ்சள் பிள்ளையார். பங்குக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மிணி. பூசை போட்டாச்சுங்க. நாளைக்குக் காத்தாலதான் கை வெக்கோணும்."

தமிழ்! அப்போது தமிழ்ச்சீமையோடு இருந்த கொள்ளேகாலத்துப் பக்கத்துக்காரராம். வழியெல்லாம் கன்னடம் கேட்டுக் கேட்டு வந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். நம் மனுஷன், விட்டுவிட மாட்டான் என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணமே உறைத்தது. இதே இடத்தில் ஒரு கன்னடக்காரர் நின்றிருந்தால் இந்நேரம் பெட்ரோல் போட்டிருப்பார். எங்கள் ஊர் வழக்கமே எமனாக எதிரே நின்றது.

மைசூரிலேயே பிறந்து வளர்ந்த என் கணவர் கன்னடத்தில் கத்தத் தொடங்கினார். பூ விற்ற அம்மாளும் சேர்ந்துகொண்டு, "பூஜெ ஆயித்தல்லா, ஹாக்ரீ!" என்று அதட்டினாள். பூஜைதான் ஆயிற்றே, போடு என்கிறாள். அவர்கள் கத்தக் கத்தப் பங்குக்காரர் இறுகிப்போனார்.

"போன வருசம் இவங்க பேச்சக் கேட்டுத்தானுங்க தொட்டோம். பம்பு பத்திக்கிச்சு. எந்தம்பிக்கு ரெண்டு கையும் வெந்து போச்சு" என்றார் என்னிடம். சொல்லும்போதே அவர் கண் ருக்குவின் நெஞ்சுக்குழியில் இருந்தது. அது மூச்சுக்கு மூச்சு உள்ளே ஒடுங்கியது. "உங்க கொழந்தைக்கும் ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பம்புக்குப் பக்கத்திலேயே சூடம் கொளுத்தினால் பற்றாமல் என்ன செய்யும் என்று என் கணவர் இன்றைக்கும் கேட்கிறார். சரிதான். ஆனால் அந்தச் சமயத்தில் அப்படி யோசிக்க எனக்குப் புத்தி எங்கே ஓடியது! முறைப்படி பிள்ளையாரை வடக்கே நகர்த்தாமல் பூஜை முடியாது என்பது மட்டும்தான் ஞாபகம் வந்தது.

"இப்பவே நகர்த்திட்டா?" என்றேன்.

"அது நாளைக்குப் பண்றதாச்சுங்களே..." அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நானா நகத்த மாட்டனுங்க."

"நான் நகர்த்தறேன். எது வந்தாலும் என் தலையோட போகட்டும்."

குழந்தையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு மண்ணில் மண்டியிட்டேன். என் தலை போனால் போகட்டும், அவளை மட்டும் விட்டுவிடு என்று அந்த மஞ்சள் உருண்டையிடம் கெஞ்சினேன். மணையைப் பிடித்து வடக்கே நகர்த்தி, "பூஜை முடிஞ்சுது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் பம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்ன வேகம்! கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள, மேலே கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் ஏறியது. "பாத்துப் போங்க அம்மிணி, பாத்து" என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டே கார் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தார். மைசூர் போய்ச் சேரும் வரை ருக்குவின் ஒவ்வொரு மூச்சும் வந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். ஊசி போட்ட டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் ஆயுத பூஜை இரண்டு விதமாக நடக்கிறது. உள்ளே புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி போர்த்திவிடுவேன், அன்று ஓர் எழுத்துப் படிக்கக் கூடாது. வாசலில் என் கணவர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் காரைக் கிளப்புவார், நானும் ஏறிக்கொள்வேன். தெருவில் கடைப் பலகைகள் கண்ணில் பட்டால் படித்துவிடுவேனே என்று கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்தில் ருக்கு, பள்ளிக்கூடத்தில் படித்த கன்னடத்தில், ஒரு பலகை விடாமல் தொண்டை கிழியப் படித்துக்கொண்டு வருவாள். படிக்காதே என்று சொல்ல ஒவ்வொரு வருஷமும் வாயெடுக்கிறேன். அந்தத் தொண்டையிலிருந்து வருகிற சத்தத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.