செல்வியக்காவின் போனை நான் அழித்த கதை

இன்று காலை புது ரவுட்டரின் பெட்டியைப் பிரித்ததும் பிளாஸ்டிக் வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனைக்கே எனக்கு உடம்பு அசந்துபோகிறது. இனி பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும், மாற்றியதை ஞாபகம் வைக்க வேண்டும். அலுத்துக்கொண்டேதான் செய்கிறேன். செய்யாமல் விட்ட காலமும் ஒன்று இருந்தது.

அப்போது பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து டீச்சராக நான் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன, பாடமெல்லாம் போனில்தான்; மடுவம் மட்டும் நடந்தது. எதிர்மலை போன் டவர், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தின் கடைசி வீட்டிலிருந்து மட்டும்தான் தெரியும்; அது என் வீடு. ரவுட்டர் வாங்கி வைத்தேன். அதன் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். கேட்காதவர்களுக்குப் பிள்ளைகள் கொடுத்தார்கள். என் சொந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் என் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்தான். அதை மறக்காமல் இருப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்திருந்தேன்.

ஒருநாள் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்து டீச்சரிடமிருந்து மெசேஜ் வந்தது. ஆறு இலக்கம் ஒன்று தவறுதலாக என் நம்பருக்கு வந்துவிட்டதாம், திருப்பி அனுப்ப வேண்டுமாம். ஒரு கையில் அகப்பையோடு மறு கையால் அனுப்பிவிட்டேன். கஞ்சி ஆறுவதற்குள் என் வாட்ஸப் என்னையே வெளியே தள்ளிவிட்டது. யாரோ என் பெயரில் தாய்மார்களிடம் அதே மாதிரி ஆறு இலக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கேட்டால் கொடுக்காமல் இருப்பார்களா?

கொடுத்தவர்களில் ஒருத்தி செல்வியக்கா. பக்கத்து வீடு, கொழுந்து பறிப்பவள். கட்டாருக்கு வேலைக்குப் போன அவள் புருஷன் முந்தைய வருடம் அங்கேயே இறந்துபோனார். அவர் அனுப்பிய குரல் மெசேஜ்களைச் சமைக்கும்போது போட்டுக் கேட்பாள். சுவர் தாண்டி எனக்கும் கேட்கும். பிள்ளைக்குச் சளி விட்டதா என்பார். பருப்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று தானே சிரிப்பார்.

"டீச்சர், என்னமோ ஆயிருச்சுங்க. உள்ள போகவே முடியல" என்று ஓடி வந்தாள்.

"வைரஸ்க்கா. ரவுட்டர் வழியா வந்திருக்கும். போன மொத்தமா அழிச்சுப் புதுசாக்கிருவோம்" என்றேன், தெரிந்தவள் மாதிரி. என் போனை ஏற்கனவே அழித்திருந்தேன். அவளுடையதையும் அழித்தேன்.

போன் உயிர் பெற்றதும் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அவரு பேசினது எங்கங்க?"

மறுநாள் இருவரும் பஸ் பிடித்துப் பலாங்கொடைக்கு இறங்கினோம். போன் கடை நடத்தும் பஸீனா என்னைவிடச் சின்னவள். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வைரஸும் இல்ல, ரவுட்டரும் இல்ல டீச்சர். அந்த ஆறு இலக்கம்தான் சாவி. அத ஒருத்தருக்கும் குடுக்கப்படாது. பேக்கப் வச்சிருந்தீங்களா?"

செல்வியக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தச் சொல்லே புதுசு.

"அப்ப ஒண்டும் செய்ய ஏலா" என்றாள் பஸீனா, மெதுவாக.

திரும்பும் பஸ்ஸில், "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"வேணும்னேவா செஞ்சீங்க?" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பியவள், மலை ஏறி முடியும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் பஸீனாவிடம் போனேன். ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை மாற்றுவது, ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்ட் வேறு என்பது, மற்றவர்களுக்குத் தனி இணைப்பு விடுவது, கணக்குக்கு இரண்டாவது பூட்டுப் போடுவது, எல்லாம் கொப்பியில் எழுதி வந்தேன். லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பேக்கப் போட்டுக் கொடுத்தேன். செல்வியக்காவின் போனுக்கும் போட்டேன். அதில் காப்பாற்ற எதுவும் இல்லை.

அப்போது குழந்தையாக இருந்த அவள் மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் என் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க அப்பா எப்புடிப் பேசுவாங்க? அம்மா உங்ககிட்டக் கேக்கச் சொன்னாங்க."

கொஞ்சம் கரகரப்பு, பேசி முடிக்கும் முன்னே சிரித்துவிடுவார் என்றேன்.

"அதே மாதிரிப் பேசிக் காட்டுங்க."

வாயைத் திறந்தேன். காதுக்குள் இருக்கும் குரல் வெளியே வரவில்லை. வாசலில் செல்வியக்காவும் நின்றிருந்தாள், அதைக் கேட்பதற்காக.