கையால் போட்ட நேர்க்கோடு

வணிகவியலும் ஓவியமும் சேர்ந்த இரட்டைப் பட்டப்படிப்பு என்று ஒரு பல்கலைக்கழக விளம்பரத்தைச் சமீபத்தில் பார்த்தேன். புதுமையான திட்டமாம். அந்தப் புதுமையை நான் எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் முடித்துவிட்டேன். என்னைக் கேட்டிருந்தால் பாடத்திட்டத்தையும், அதில் எங்கெங்கே மாட்டிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருப்பேன். ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் இருந்தவள். எழுதிக் கொடுக்கச் சோம்பல் கிடையாது.

ஒரே கூரையின் கீழ் இரண்டையும் படிக்க அப்போது வழியில்லை. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த கல்லூரியில் பி.காம். சனிக்கிழமைகளில் ஊருக்குள் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் ஓவிய வகுப்பு. கீழே மெஷின்கள் தடதடக்கும். மாடித் தரை அதிரும். அந்த அதிர்வில் நடுங்காத கோடு போடப் பழகினோம். ஓவியத்துக்கு அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரண்டு கிரேடு. லோயரை வைத்துக்கொண்டு வீட்டில் மாட்டலாம். ஹையரை வைத்துக்கொண்டுதான் வேலை கேட்கலாம்.

அப்பா புளியங்குடி எலுமிச்சை மண்டியில் கணக்கெழுதினார். பி.காம். அவருடைய முடிவு. ஓவியம் என்னுடையது.

“ஒரே நேரத்துல ரெண்டு முதலாளிட்ட வேல பாக்க முடியாதுட்டி,” என்பார்.

“முதலாளி ஒருத்திதான்ப்பா. வேலதான் ரெண்டு.”

“இவ வாய்க்கு மட்டும் மூணாவதா ஒரு டிகிரி குடுக்கலாம்,” என்று அம்மா அடுக்களையிலிருந்து சொல்லுவாள்.

பி.காம். இரண்டாம் ஆண்டில் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. அந்த முறை ஹையர் கிரேடில் தேறினால் இரண்டையும் தொடரலாம். தேறாவிட்டாலோ, புகார் எதுவும் வீட்டுக்கு வந்தாலோ, கலர் டப்பாவும் பிரஷ்ஷும் பரணுக்குப் போகும். அப்பா கணக்கர் என்பதால் இடையில் வேறு வழி எதுவும் வைக்கவில்லை.

இங்கே என் கையைப் பற்றி ஒரு விவரம் சொல்ல வேண்டும். அக்கவுண்டன்சி தேர்வில் கணக்குப் போடுவதைவிடக் கட்டம் போடத்தான் அதிக நேரம் போகும். லெட்ஜருக்கு ஒரு கட்டம், பேலன்ஸ் ஷீட் எனும் ஐந்தொகைக்கு ஒரு கட்டம், கூட்டுத்தொகைக்குக் கீழே இரட்டைக் கோடு. முதலாண்டுத் தேர்வன்று ஸ்கேலை பஸ்ஸில் விட்டுவிட்டேன். அடுத்தவளிடம் ஸ்கேல் வாங்கினால் காப்பி அடித்ததாக எழுதிவிடுவார்கள். சனிக்கிழமை வகுப்பில் பழகியதை நம்பி வெறுங்கையால் இழுத்தேன். நேராக வந்தது. நேரமும் மிச்சம். அன்றிலிருந்து எனக்கு ஸ்கேல் தேவைப்படவில்லை. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மணிக்கட்டை அசைக்கக் கூடாது. தோளிலிருந்து கை நகர வேண்டும். பென்சில் முனையைப் பார்க்கக் கூடாது. கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். ஓவிய வகுப்பில் வாரத்துக்கு ஒரு நாள் பழகியதை, கணக்கு வகுப்பில் தினமும் பழகினேன்.

ஹையர் கிரேடுக்கு அந்த ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றிலேயே மையம் போட்டிருந்தார்கள். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் தாள். ஒரு சட்டம், அதற்குள் ஒரு பூச்சாடி, இரண்டு பக்கமும் சுருண்டு இறங்கும் இலைக்கொடி. கொடுத்த படத்தைப் பெரிதாக்கி வெறுங்கையால் வரைய வேண்டும். ஸ்கேலை எடுத்தாலே முறைகேடு. நான் முதலில் சட்டத்தின் நான்கு கோடுகளையும் போட்டேன். பூச்சாடியின் கழுத்துக்கு வருவதற்குள் ஒரு நிழல் என் தாள் மேல் விழுந்து, விலகாமல் நின்றது.

திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து கண்காணிப்புக்கு வந்திருந்த கணக்கு வாத்தியார். ஸ்கேல் இல்லாமல் உலகத்தில் நேர்க்கோடு கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, அதைத் தாமே நம்பிவிட்டவர்.

“ஸ்கேல எங்கன வச்சிருக்க?”

“ஸ்கேல் கிடையாது சார். கையாலதான் போட்டேன்.”

“கையால போட்டா இப்பிடியா இருக்கும்? நான் என்ன கேணையனா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு எனக்கு அப்போதே விவரம் இருந்தது. ஒரு டீச்சரைக் கூப்பிட்டு என்னைச் சோதிக்கச் சொன்னார். அந்த அம்மாள் சோதித்து, இரண்டு பென்சிலும் ஒரு ரப்பரும் ஒரு கைக்குட்டையும் இருப்பதாக அறிவித்தார்.

“அப்ப ஹால் டிக்கெட் ஓரத்த வச்சு இழுத்திருப்ப.”

“ஹால் டிக்கெட் ஒங்க மேசைலதான் சார் இருக்கு. கையெழுத்துப் போடணும்னு நீங்கதான் வாங்கிட்டுப் போனீங்க.”

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அது எனக்கு உதவவில்லை. வாத்தியார் முகம் சிவந்து, பிறகு தணிந்தது. குனிந்து, தயவான குரலில் ஒரு யோசனை சொன்னார்.

“சரி பிள்ள, சின்ன வயசு. ஒன் படிப்பக் கெடுக்க நான் வரல. அத அழிச்சிட்டு, கொஞ்சம் முன்னப்பின்ன கோணலா இழுத்துரு. கையால போட்ட மாரி இருக்கட்டும். நானும் பாக்கல, நீயும் சொல்லல.”

பக்கத்து வரிசைத் தோழி, “அழிச்சிருட்டி,” என்று உதட்டசைவில் கெஞ்சினாள். ரப்பரைக் கையில் எடுத்தேன். அழித்தால் யாருக்கும் புகார் போகாது. அழிக்காவிட்டால் புகார் எழுதுவார். அடுத்த தேர்வுகளுக்கும் தடை வரலாம். பரண் எனக்காகக் காத்திருந்தது. ஆனால் கையால் போட்ட கோட்டை அழித்து, கையால் போட்டது மாதிரி ஒரு கோடு போடு என்கிறார். ரப்பரைக் கீழே வைத்தேன்.

“அழிக்க மாட்டேன் சார்.”

“அப்ப ரிப்போர்ட் எழுதிருவேன்.”

“எழுதுங்க சார். கைப்பற்றுன பொருள் என்னன்னும் அதுல எழுதணும். பொருள ரிப்போர்ட்டோட இணைக்கணும்.”

ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் விதிமுறைகளைப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதை முழுதாகப் படித்தவர்கள் அநேகமாக இரண்டே பேர். ஒருவர் அச்சுக் கோத்தவர். இன்னொருத்தி நான்.

எதை இணைப்பது என்று தெரியாமல் அவர் தலைமைக் கண்காணிப்பாளரை வரவழைத்தார். பள்ளியின் தலைமையாசிரியர். வெற்றிலை போட்டிருந்ததால் முதலில் தலையை மட்டும் ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்து, சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

“போர்டுல போடு பாப்போம்.”

பென்சிலும் தாளும் வேறு, சாக்பீஸும் கரும்பலகையும் வேறு. பலகையில் நான் ஒரு நாளும் எழுதியதில்லை. முதுகுக்குப் பின்னால் ஹால் முழுவதும் வரைவதை நிறுத்திவிட்டது. என்ன போடுவது என்று யோசித்தேன்; கை தனக்குத் தெரிந்ததைப் போட்டது. ஓர் ஐந்தொகை. மேலே ஒரு நீளக் கோடு, நடுவில் ஒரு செங்குத்து, இடப்பக்கம் பொறுப்புகள், வலப்பக்கம் சொத்துகள், அடியில் கூட்டுத்தொகைக்கு இரட்டைக் கோடு. நீளக் கோட்டுக்குப் பலகையோடு சேர்ந்து நடக்க வேண்டியிருந்தது.

கணக்கு வாத்தியார் வகுப்பறையின் பெரிய மர ஸ்கேலை எடுத்து வந்து மேல்கோட்டின் மீது வைத்தார். குரல் துள்ளியது.

“பாருங்க சார்! ரெண்டு முனையும் தொடுது, நடுவுல தொடல. கோடு தொய்யுது.”

உண்மைதான். நடுவில் ஸ்கேலுக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு மெல்லிய கறுப்பு தெரிந்தது. மறுபடி பார்த்தேன். என் கோட்டை எனக்குத் தெரியும்.

“சார், அதே ஓரத்தக் கோட்டுக்குக் கீழ இருந்து வச்சுப் பாருங்க.”

“எதுக்கு?”

“கோடு கீழ தொஞ்சிருந்தா, கீழ இருந்து வைக்கும்போது நடுவுலதான முதல்ல இடிக்கணும்?”

தலைமையாசிரியர் ஸ்கேலைத் தாமே வாங்கித் திருப்பி, கீழிருந்து வைத்தார். அப்போதும் இரண்டு முனையும் தொட்டன. நடுவில் தொடவில்லை. மேலிருந்து வைத்தாலும் இடைவெளி, கீழிருந்து வைத்தாலும் இடைவெளி. ஒரே கோடு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வளையாது. அந்த ஹாலில் அது முதலில் புரிந்தது கணக்கு வாத்தியாருக்குத்தான். அவர் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குப் புரிந்தது.

தலைமையாசிரியர் ஸ்கேலைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடி ஓரத்தைப் பார்த்தார். நடுவில் தேய்ந்து உள்வாங்கியிருந்தது.

“என்ன வே, கோடு பாஸு. ஒம்ம ஸ்கேல்லா ஃபெயிலாயிருக்கு?”

ஹால் சிரித்தது. கணக்கு வாத்தியாரும் கடைசியாகச் சிரித்தார். அதை அவருடைய பெருந்தன்மைக் கணக்கில் வரவு வைக்கிறேன்.

நான் உட்காரவில்லை. “போன நேரம் சார்?”

“அதுக்கு ரூல் இல்லையே பிள்ள.”

“நேரா கோடு போட்டா எழுந்திரிக்கச் சொல்லணும்னும் ரூல் இல்ல சார்.”

நேரம் கிடைத்தது. பூச்சாடியையும் இலைக்கொடியையும் முடித்து, பென்சில் சீவிய தூளை ஊதிவிட்டுத் தாளைக் கொடுத்தேன்.

புளியங்குடி பஸ் வருவதற்கு முன்பே செய்தி ஊருக்குள் சுற்றிவிட்டது. அப்பா சட்டையைக் கழற்றுவதற்கு முன் கேட்டார்.

“கொஞ்சம் கோணலா இழுத்திருந்தா அங்கனயே முடிஞ்சிருக்கும்லா?”

“முடிஞ்சிருக்கும்.”

“அப்பொறம் ஏம் இழுக்கல?”

“ஒங்க மண்டிக் கணக்கு சல்லிக்காசு பிசகாம நேராயிருக்குன்னு மொதலாளி சந்தேகப்பட்டா, ஒரு ரூவாயக் கூட்டி எழுதுவீங்களாப்பா?”

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

“எழுத மாட்டேன்,” என்றார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, “ஏளா, இவளுக்குச் சோறு போட்டியா?” என்றார்.

முதல் வகுப்பில் தேறினேன். முடிவு வந்த அன்று, புளியங்குடி பஸ்ஸில் டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் மர ஸ்கேல் கதையை அப்பா சொல்லியிருக்கிறார். கண்டக்டர் எனக்கே அதைத் திரும்பச் சொன்னார், சில திருத்தங்களோடு. அடுத்த ஆண்டு பி.காம். முடிந்தது. இரண்டு சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியப் போனேன். அங்கிருந்த எழுத்தர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார்.

“ரெண்டும் எதுக்கு? ஏதாவது ஒண்ணச் சொல்லும்மா, பதிஞ்சிருதேன்.”

எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டையும் அவர் எழுதி முடித்த பிறகுதான் எழுந்தேன்.