காரணம் எழுதாத சீட்டு

செல்போனில் "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்" என்று வரும்போதெல்லாம் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறும். என்ன தவறு? யார் செய்தது? பிறகு என்றால் காபி குடித்துவிட்டு வரவா, காசிக்குப் போய்விட்டு வரவா? நான் போனைத் திட்டுவதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு மதுரைக் கலர் லேப்பைத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் முன்னறையில் சீசனுக்கு மட்டும் ஸ்டூடியோ வைத்திருந்தேன். மற்ற மாதங்களில் தென்காசி. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கேமரா, ஒரு குடை, ஒரு சீப்பு. சீப்பு வாடிக்கையாளருக்கு, என் தலையில் அப்போதே அதற்கு வேலை குறைந்துவிட்டது. கருப்பு வெள்ளைப் படத்தை நானே கழுவிவிடுவேன். கலர் என்றால் பிலிம் ரோலைப் பார்சலில் மதுரை லேப்புக்கு அனுப்ப வேண்டும். சில நாளில் படங்கள் வரும். இல்லாவிட்டால் ஒரு சீட்டு வரும்: "பிரிண்ட் இல்லை." பிலிமைக்கூடத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒரு தடவை "வேஸ்ட்" என்று எழுதுவார்கள், இன்னொரு தடவை "ஃபெயில்". மூன்றும் ஒன்றா, வேறு வேறா, எழுதினவனுக்கே வெளிச்சம். நான் ஒவ்வொரு முறையும் கேமராவைச் சந்தேகித்தேன். நன்றாக இருந்த கேமராவைப் பிரித்துப் பிரித்து மாட்டியதில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது. அதை எங்கே மாட்டுவது என்று இன்றுவரை தெரியாது.

அந்தச் சீசனில் சுரண்டையிலிருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பம்பாயில் இருக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குக் கலர் படம் அனுப்ப வேண்டும். பின்னால் அருவி தெரிய வேண்டும் என்பது அவர் கட்டளை. "நம்ம ஊர்ல தண்ணி இருக்குன்னு அவுகளுக்குத் தெரியட்டும்" என்றார். சாரலில் குடை பிடித்து, அந்தப் பெண்ணைப் பல விதமாக நிற்க வைத்து முழு ரோலையும் அவளுக்கே செலவழித்தேன்.

மதுரையிலிருந்து சீட்டு வந்தது. பிரிண்ட் இல்லை.

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் ஒன்றுமில்லை.

"என்னவே இது? இத்தனை படத்துல ஒண்ணு கூடவா இல்லை?"

"அப்படித்தான் எழுதியிருக்கான், அண்ணாச்சி."

"ஏன்னு எழுதலையே."

"எழுத மாட்டான்."

"ஆண்டவன் வேண்டாம்னு சொல்லுதான். இந்தச் சம்பந்தம் நமக்கு ஆகாது" என்று சீட்டை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

அவர் செருப்பைத் தேடிய நேரத்தில் மகள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, காலேஜ் முடிச்சிட்டு வந்தாப் போதும்னு சொன்ன ஒரே மாப்பிள்ளை வீடு இதுதான். மத்தவுகள்லாம் நாளைக்கே சோறாக்க வான்னு நிக்காவ. ஏன்னு கேட்டுச் சொல்லுங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சீட்டெழுதுகிற ஒருத்தன் ஒரு வரி கூடுதலாக எழுதச் சோம்பல்பட்டதால், சுரண்டையில் ஒரு பெண்ணின் படிப்பு நிற்கப்போகிறது. காரணம் எழுதாத சீட்டில் படிக்கிறவர் தன் பயத்தை எழுதிக்கொள்கிறார். நான் கேமரா பழுது என்று எழுதிக்கொண்டேன். அவர் சாமி குத்தம் என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். வழியெல்லாம் ஆவேசமாக வசனம் தயாரித்தேன். லேப் கவுன்ட்டரில் நின்றதும் பாதி மறந்துவிட்டது.

"பிரிண்ட் ஏன் வரலை?" என்றேன்.

"அதான் எழுதியிருக்கோம்ல சார்."

"என்ன எழுதியிருக்கீங்க?"

"பிரிண்ட் வரலைன்னு."

"அது ஏன் வரலை?"

"பிலிம் சரியில்ல சார்." கவுன்ட்டர்காரர் சீட்டைப் பார்க்காமலேயே சொன்னார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மெஷின் ஓட்டுகிறவர் வந்தார். சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார். சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "அன்னைக்குக் கரண்ட் போச்சு. மெஷின் பாதியில நின்னுருச்சு. கழுவுற மருந்துல கிடந்த ரோல் எல்லாம் கருகிப்போச்சு. ஒரு கல்யாண ரோலும் அதுல போச்சு."

"இதை எழுதினா என்னங்க?"

"எழுதினா எல்லாரும் சண்டைக்கு வருவாங்க சார்."

"எழுதாமலே வந்திருக்கேனே, நான் யாரு?"

அங்கேயே ஒரு பழைய காலண்டர் தாளைக் கேட்டு வாங்கி, அதன் முதுகில் புதுச் சீட்டு ஒன்றை வரைந்தேன். கோபத்தில் கட்டங்கள் பெருகிவிட்டன. தண்ணீரின் சூடு, மருந்தின் வயது, மெஷின் ஓட்டினவர் அன்றைக்குச் சாப்பிட்டாரா என்பதுவரை கேட்டிருந்தேன். "இத நிரப்புறதுக்கு ஒரு ஆள் போடணும் சார்" என்றார் அவர். மருந்து எத்தனை நாள் பழசு என்பது என் வாடிக்கையாளருக்கு எதற்கு என்றும் கேட்டார். அது நியாயம்தான். அடித்து அடித்துக் கடைசியில் சிலதுதான் மிஞ்சின. கோளாறு எந்த இடத்தில்: கேமராவா, பிலிமா, லேப்பா, வழியிலா. காரணம்: முன்பே பேசி வைத்த ஒரே சொல், ஆளுக்கு ஆள் மாறக் கூடாது. எந்தெந்தப் படம் போனது. அதே பிலிமில் மறுபடி போடலாமா, புதிதாக எடுக்கணுமா. கடைசியில், வாடிக்கையாளரிடம் அப்படியே படித்துக் காட்ட ஒரு வாக்கியம். "எங்கள் தவறு" என்று மட்டும் எழுத மாட்டோம் என்றார்கள். "இடம்: லேப்" என்று எழுத ஒத்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் அண்ணன் மகன் இப்போது எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரிடம் வேலை சொல்லி வாங்கும் புரோகிராம் எழுதுகிறான். அங்கே வேலை கெட்டால் திரும்பி வருகிற பதிலில், மெஷினுக்கு மாறாத ஒரு சொல், மனுஷனுக்கு ஒரு வாக்கியம், எந்த இடத்தில் கோளாறு, திரும்பக் கேட்கலாமா என்று தனித்தனியாக வைப்பதுதான் ஒழுங்கு என்கிறான். அப்புறம் என் போனில் ஏன் அது வருவதில்லை என்று கேட்டேன். "சொன்னா சண்டைக்கு வருவாங்க சித்தப்பா" என்றான். அன்று அவனுக்குக் காபி கொடுக்கவில்லை.

மதுரையில் அந்த ரோலுக்கு நிரப்பி வாங்கிய புதுச் சீட்டோடு, அங்கிருந்து நேராகச் சுரண்டைக்குப் போனேன். கடையில் கூட்டம். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டே, "படிவே" என்றார். படித்தேன்: "கரண்ட் போய் எங்கள் மெஷின் நின்றதால் அன்று போட்ட ரோல்கள் எல்லாம் கெட்டுவிட்டன. படம் எடுத்தவர் மேலும் எடுக்கப்பட்டவர் மேலும் குறை இல்லை."

"எல்லா ரோலுமா?"

"எல்லாம், அண்ணாச்சி. அதுல ஒரு கல்யாணமே போச்சு."

தராசைப் பிடித்த கை நின்றது. "அந்தப் பொண்ணு மாப்பிள்ளை?"

"நல்லாத்தான் இருக்காவளாம். படம்தான் இல்லை."

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. "நம்மளப் பிடிக்கலன்னு சாமி மதுரையில போயா கரண்ட நிப்பாட்டும், அப்பா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை; ஆனால் சீட்டைக் கேட்டு வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். "சரிவே, நாளைக்கு வாறோம்" என்றார்.

வந்தார்கள். அதே அருவி, அதே குடை. நான் லேப்காரர்களின் பொறுப்பின்மையைப் பற்றி அவரிடம் முழங்கிக்கொண்டே கேமராவைத் தூக்கினேன். என் கேமராவில் பார்க்கிற ஓட்டை தனி, லென்ஸ் தனி.

"அண்ணே," என்றாள் அந்தப் பெண். "லென்ஸ் மூடியக் கழத்தலை."

கழற்றினேன். அருவிச் சத்தத்திலும் அவர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"ஏவே, இது மதுரைக்குப் போயிருந்தா எந்த இடம்னு எழுதுவான்?"

"என்னையத்தான் எழுதுவான், அண்ணாச்சி."

"அப்ப நல்ல சீட்டுதான்" என்றார்.

இந்தத் தடவை படங்கள் வந்தன. ஒன்று பம்பாய்க்குப் போனது. அவள் கடைசி வருஷப் பரீட்சை எழுதி முடித்த பிறகுதான் கல்யாணம் வைத்தார்கள். படம் எடுக்க என்னையே கூப்பிட்டார்கள், மூடியைக் கழற்றிவிட்டு வரச்சொல்லி.