ஏற்றியே வைத்த வில்

என் புருஷன் பட்டாளத்துக்குப் போகும்போது என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவை இரண்டு: ஆறு கோழிகளும் ஒரு வில்லும். கோழிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வில்லைப் பற்றி மட்டும் திருத்தணி ரயிலடியில் வண்டி நகரும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்.

சாமி படத்தில் இருக்கிற மாதிரி வில் இல்லை அது. துப்பாக்கிக் கட்டை ஒன்றின் முனையில் குறுக்கே படுத்திருக்கும் வில். கயிற்றை இழுத்துக் கொக்கியில் மாட்டி, அம்பை வைத்து, கீழே இருக்கும் விசையை அழுத்தினால் பாயும். எங்கள் தெருவில் அதற்குத் துப்பாக்கி வில்லு என்று பெயர். அவர் தண்டவாள கேங்கில் வேலை பார்த்தவர். லைன் பார்க்க வரும் வெள்ளைக்காரத் துரை மாற்றலாகிப் போகும்போது, வேண்டாத சாமான்களோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். துரை அதை வைத்துப் பல வருஷம் வேட்டையாடியிருக்கிறார். எங்களிடம் வந்தபோது குறுக்கே இருந்த இரும்பு வில் முறிந்து, கட்டையும் விசையும்தான் மிச்சம். வில் இல்லாத வில்லைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாரே மனுஷன் என்று நான் சிரித்தேன்.

அவர் விடவில்லை. நகரி மலையிலிருந்து கெட்டி மூங்கில் கொண்டுவந்து, அடுப்புக்கு மேலே புகையில் மாதக்கணக்கில் காயப்போட்டார். பிறகு கத்தியால் சீவ ஆரம்பித்தார். சீவுவார், கயிறு கட்டி வளைப்பார், என்னைத் தூரத்தில் நிற்கவைத்துக் கேட்பார்:

"எந்தப் பக்கம் கம்மியா வளையுது பாருடி."

"இடது பக்கங்க."

இடது பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டுவார். மறுபடி வளைப்பார். இப்படிப் பத்து நாள். அந்த வில் என் கண்ணை நம்பிச் செய்தது. அதனால் எனக்கும் அதில் பாதி உரிமை உண்டு என்று நான் சண்டை போடுவேன். கயிற்றுக்குப் பள்ளிப்பட்டிலிருந்து தறி நூல் வாங்கிவந்து, பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, தேன்மெழுகு தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக்கினோம். கயிற்றை வில்லில் ஏற்றுவது மட்டும் இரண்டு பேர் வேலை. அவர் காலால் மிதித்து வளைத்துப் பிடிப்பார். நான் கயிற்றின் கண்ணியை முனையிலுள்ள வெட்டில் மாட்டுவேன். அந்த ஒரு நொடியில் இரண்டு பேர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

முயலும் கவுதாரியும் அடித்துக்கொண்டு வருவார். மயிலைத் தொடமாட்டார், கிருத்திகையன்று வில்லையே தொடமாட்டார்.

யுத்தம் வந்து, பட்டணத்து ஜனங்கள் குண்டுக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு எங்கள் ஊருக்கு ஓடிவந்த சமயம். கிழக்கே தண்டவாளம் போட ஆள் வேண்டும், துப்பாக்கியும் கொடுப்போம் என்று சொல்லி அவரை எடுத்தார்கள். ரயிலடியில் மற்ற பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். என் ஆள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"அம்பு வெக்காம விசைய தட்டாத. வெறுங்கயிறு அடிச்சா வில்லு வெடிச்சிடும். மாசத்துக்கு ஒரு வாட்டி மெழுகு போடு. விசைக்கு ரெண்டு சொட்டு விளக்கெண்ணெ. முக்கியமா கயித்த அவுத்தே வெய்யி. ஏத்தியே வெச்சா மூங்கிலு வளைஞ்சபடியே நின்னுடும். அப்பறம் அது வில்லு இல்ல, வெறவு. நான் வந்து எடுத்தா அப்டியே இருக்கணும், ஆங்?"

"ஆங். என்ன யாருங்க பாத்துக்குவாங்க?"

"உனுக்கு இன்னா? எலி வந்தா நீ எலிய கடிச்சிடுவியே."

வண்டி போய்விட்டது. சிரித்தபடியேதான் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்து உள்ளே போன பிறகுதான் அழுதேன்.

மலையடியில் பூ கட்டி விற்பது என் பிழைப்பு. பகலெல்லாம் ஜனம், அரோகரா சத்தம், பேரம், வம்பு. வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. குழந்தை இல்லை, மாமனார் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாதாமாதம் கிருத்திகைக்கு மறுநாள் பூ வியாபாரம் படுத்துவிடும். அன்றைக்கு வில்லைப் பரணிலிருந்து இறக்குவேன். கட்டையைத் துணியால் துடைத்து, விசையில் எண்ணெய் விட்டு, கயிற்றுக்கு மெழுகு தேய்ப்பேன். தேய்த்தபடியே அந்த மாதத்துச் சமாசாரமெல்லாம் அதனிடம் சொல்லுவேன். பைத்தியமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள், பேசினேன்.

கடிதம் வரும். மிஷன் பள்ளியில் அஞ்சாவது வரை படித்தவள் என்பதால் நானே படித்துக்கொள்வேன். பாதி வரிகளின் மேல் பட்டாளத்துக்காரர்கள் கறுப்பு மை பூசியிருப்பார்கள். மை படாத இடத்தில் எப்போதும் அதே கேள்வி: வில் சௌக்கியமா, மெழுகு போட்டாயா, கயிற்றை அவிழ்த்து வைத்திருக்கிறாயா. கடைசியில் இடம் மிச்சமிருந்தால் நான். முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு புரிந்தது, என்னை விசாரிக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான் என்று. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வருஷம் ஆடியோடு கடிதம் நின்றுபோனது. ஆவணி, புரட்டாசி, ஒன்றுமில்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே வேறு சந்தில் திரும்ப ஆரம்பித்தார்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, பூக்கூடை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவி வைத்தேன். வில்லையும் வைத்தேன், கயிற்றைச் சுருட்டிப் பக்கத்தில் போட்டு. சுண்டல் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுத் தறிக்கார அக்கா பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தாள்.

"இன்னாமே இது? கயிறு தனியா, வில்லு தனியா! நாங்க தறிய பாவு நூல அறுத்துட்டா வெச்சி கும்புடறோம்? புருசன் சண்டைக்குப் போயிகீறான். நீ இங்க ஆயுதத்த கழட்டி வெச்சா, அங்க அவன் கையில கீறதும் அப்டித்தான் ஆவும்."

அவள் கெட்டவள் இல்லை. சொல்லிவிட்டுச் சுண்டலையும் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அவள் போனதும் நான் கயிற்றைக் கையில் எடுத்தேன்.

இரண்டு பேர் வேலையைத் தனியாகச் செய்தேன். ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் வில்லைச் செருகி, ஒரு காலால் மிதித்து, வயிற்றால் அழுத்தி, கண்ணியை மாட்டப் பார்த்தேன். மூன்று தடவை நழுவி முழங்கையில் அடித்தது. நாலாவது தடவை மாட்டிக்கொண்டது. விறைப்பாக நின்ற வில்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து விழுந்து கும்பிட்டேன். கை ரத்தத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

மறுநாள் விஜயதசமி. பூக்கூடையை எடுத்துக்கொண்டேன், அரிவாள்மணையை எடுத்துக்கொண்டேன். வில்லின் கயிற்றை அவிழ்க்கக் கை போனது, நின்றுவிட்டது. நான் இங்கே தளர்த்தும் அதே நேரத்தில் அங்கே அவருக்கு எதிரில் எவனாவது நின்றால்? கடிதம் வரட்டும், வந்த அன்றைக்கே அவிழ்த்துவிடுகிறேன் என்று மலையைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் நினைவிருந்தது. மூங்கில் போனால் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்று வில்லுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன்.

பொங்கலுக்குப் பிறகு கடிதம் வந்தது. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம், இப்போது தேவலையாம். கடைசி வரி: "வில்லின் கயிற்றை அவிழ்த்துத்தானே வைத்திருக்கிறாய்?"

ஓடிப்போய் அவிழ்த்தேன். கயிறு கீழே விழுந்தது. வில் நிமிரவில்லை. கயிறு இருந்தபோது எப்படி வளைந்திருந்ததோ அப்படியே இருந்தது.

அனலில் காட்டி எதிர்ப்பக்கம் வளைத்தேன். ஈரத்துணி சுற்றிக் கல் கட்டித் தொங்கவிட்டேன். கல்லை எடுத்த அரைமணியில் பழையபடி குனிந்துகொள்ளும். பதில் கடிதத்தில் "வில் சௌக்கியம்" என்று எழுதினேன். அவருக்கு நான் சொன்ன முதல் பொய் அது. அதற்குப் பிறகு எல்லாக் கடிதத்திலும் அதையே எழுதவேண்டியதாயிற்று. மாதாமாதம் மெழுகும் எண்ணெயும் மட்டும் விடாமல் போட்டுவந்தேன். பூ கட்டும்போது உதடு தானாக அசையும். அவர் வந்து நிற்கும்போது எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று. திட்டுவார், ஒருவேளை கையை ஓங்குவார், அப்புறம் என் முழங்கைத் தழும்பைக் காட்டினால் சமாதானமாகிவிடுவார். அந்தச் சண்டைக்கே நான் காத்திருந்தேன் என்று சொல்லலாம்.

யுத்தம் முடிந்து பல மாதம் கழித்து வந்தார். பாதி ஆளாக வந்தார். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். கோழிகள் எத்தனை என்றுகூடக் கேட்கவில்லை. மூன்றாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"ஒரு தப்பு பண்ணிட்டேங்க. வில்லுல கயித்த ஏத்தியே வெச்சிட்டேன். வளைஞ்சி போச்சு. கடுதாசில பொய் எழுதினேன்."

கேட்கவில்லையோ என்று நல்ல காதுப் பக்கம் போய் இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"எந்த வில்லு?"

பரணைக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்தார்.

"ஓ, அதுவா. அத இன்னும் வெச்சிகினா கீற?" என்றார். பிறகு மோர் கேட்டார்.

மோரை ஊற்றினேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அவர் இல்லாத அத்தனை வருஷத்திலும் நான் அன்றைக்கு மாதிரித் தனியாக இருந்ததில்லை.

அடுத்த கிருத்திகைக்கு மறுநாள் வியாபாரம் இல்லை. வில்லை இறக்கி, கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு மெழுகு தேய்த்தேன். அவர் எதிரில்தான் படுத்திருந்தார், கண் திறந்துதான் இருந்தது. என்ன செய்கிறாய் என்று கேட்பார் என்று ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.