அக்கா கேட்ட நட்சத்திரம்

அக்காவின் முதலாம் ஆண்டு திதிக்கு வெயிலென்றும் தூரமென்றும் பாராமல் வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. விசேஷ வீடுகளில் என் பங்குக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவார். இன்று அவர் இல்லாததால் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது திருச்சுழிப் பக்கம், எங்கள் அப்பா சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்த ஊரில். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவர். ஆனால் பெண் பார்க்க வந்தவர்கள் மார்க்கைக் கேட்கவில்லை, நட்சத்திரத்தைக் கேட்டார்கள். அக்காவின் நட்சத்திரம் மூலம். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வோம். கடைசியில் பாளையம்பட்டியில் தானியக் கடை வைத்திருந்த அத்தான், ஜாதகமே வேண்டாம் என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். அந்த மாமனார் தொண்ணூறு வயது தாண்டி இருந்தார். கடைசி வரை அக்கா கையால்தான் கஞ்சி குடித்தார். இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

அக்கா மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது, நரிக்குடிப் பக்கம் சரக்குப் பார்க்க வாடகைக் காரில் போன அத்தான் உயிரோடு திரும்பவில்லை. டிராக்டர் சக்கரங்கள் ரோட்டில் இழுத்துப்போட்டிருந்த கரிசல் மண், தூறலில் குழைந்து கிடந்திருக்கிறது. வண்டி வழுக்கிப் புளியமரத்தில் மோதிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், மாமனாரை விட்டுவிட்டு மூலம் புருசனைக் கொண்டுபோய்விட்டது என்று அக்கா காதுபடவே பேசினார்கள். பிழைத்துக்கொண்ட டிரைவர் கட்டோடு வந்து நின்றபோது, அக்கா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். வண்டி எப்படிப் போனது?

"பக்கவாட்டுல போச்சும்மா. நான் திருப்புனேன், அது கேக்கல."

அந்தப் பேச்சை அக்கா மறக்கவே இல்லை.

அதன் பிறகு கடையை அக்காவே எடுத்து நடத்தினார். நான் லோடு வண்டி ஓட்டினேன். மகளை இன்ஜினியருக்குப் படிக்கவைத்து, நரிக்குடிப் பக்கமே கட்டிக்கொடுத்தார். அந்த ரோட்டிலா போய்வரப் போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, ரோடு என்ன செய்யும் என்று மட்டும் சொன்னார்.

மகள் உண்டாகியிருக்கும் செய்தி வந்ததும், பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுக்க முடிவானது. ஒரு மாதம் அக்கா செல்போனும் கையுமாக இருந்தார். காருக்குள் பொம்மைகளை உட்காரவைத்துச் சுவரில் மோதிப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி நட்சத்திரம் கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளக்கினார். வண்டி வழுக்கித் திசை மாறினால், எந்தச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டுமோ அதை மட்டும் தானாகவே பிடித்து நேராக்கும் ஏற்பாடு ஒன்று இருப்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். நாங்கள் அதற்கு வழுக்குப் பிடிப்பு என்று பேர் வைத்துக்கொண்டோம்.

மதுரையில் ஒரு ஷோரூமில், இந்த வண்டிக்கு என்ன நட்சத்திரம் என்று அக்கா கேட்டார். அங்கே வண்டி விற்கும் தம்பி சிரித்த முகமாக, "உங்க நட்சத்திரத்தச் சொல்லுங்கம்மா, அதுக்குத் தோதா டெலிவரி நாள் பார்த்துக் குடுத்துருவோம்" என்றார்.

"என் நட்சத்திரத்தப் பார்த்து எம்புட்டோ பேரு ஓடிட்டாக. நீங்க வண்டியோடதச் சொல்லுங்க."

அந்தத் தம்பி ஆறு காற்றுப் பை இருக்கிறது என்றார். அது மோதிய பிறகுதானே, மோதாமல் இருக்க என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டார். கூட வந்த மாப்பிள்ளைக்கு மேல்கூரை திறக்கிற வண்டி மேல் ஆசை. நம்ம ஊர் வெயிலுக்குக் கூரையை எதற்குத் திறக்க வேண்டும் என்று கேட்டதும் அவரே சிரித்துவிட்டார். ஐந்து நட்சத்திரமும் வழுக்குப் பிடிப்பும் உள்ள வண்டியாகப் பார்த்துத்தான் அக்கா கையெழுத்துப் போட்டார்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சறுக்கிப் போகும் கார் படம் போட்ட பொத்தான் ஒன்று ஸ்டியரிங் பக்கத்தில் உண்டு. அதை அமுக்கினால் மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நினைத்து, அக்கா சொன்ன காரியமாயிற்றே என்று தினமும் கிளம்பும்போது பக்தியாக அமுக்கிவந்தேன். அக்கா எப்போதும் பின்சீட்டில் இருந்ததால் கவனிக்கவில்லை. ஒருநாள் முன்னால் உட்கார்ந்தவர், இது என்னடா மஞ்சளாக எரிகிறது என்றார். வழுக்குப் பிடிப்புத்தான் அக்கா, தினமும் போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்தார். படத்துக்குக் கீழே எறும்பு அளவில் 'ஆஃப்' என்று இங்கிலீசில் இருந்திருக்கிறது. எனக்கு வெள்ளெழுத்து.

"ஏலே, ஒரு மாசமா அதத் தினமும் தூங்கவச்சிட்டுல்ல ஓட்டியிருக்க. எரிஞ்சுக்கிட்டே இருந்தா அது தூங்குதுன்னு அர்த்தம். வழுக்கையில மினுக்குனாத்தான் வேலை பாக்குது."

வேறொருவராக இருந்தால் என்னை வண்டியை விட்டு இறக்கியிருப்பார். அக்கா கடைக்குள் போய், விலைச்சீட்டு ஒட்டும் காகிதத்தில் 'தொடாதே' என்று எழுதிக்கொண்டுவந்து பொத்தான் மேல் ஒட்டினார். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, வளைகாப்பு முடிந்து அக்கா மகளை அழைத்துக்கொண்டு நரிக்குடியிலிருந்து திரும்பினோம். அக்கா முன்னால் என் பக்கத்தில் இருந்தார். அந்தப் பிள்ளை பின்சீட்டில் பெல்ட் போட்டு அசந்து தூங்கியது. குதிரைவாலி அறுப்புக் காலம். நம் பக்கத்தில் தாளைக் கதிரோடு ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வண்டிகளே அடித்துக் கொடுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அக்கா கடைக்கு வந்த தானியத்தில் பாதி அப்படி அடித்ததுதான். அன்று எதிர்பாராத தூறல். திருச்சுழி தாண்டி, கண்மாய்க் கரை ஓரமாக ரோடு திரும்பும் இடத்தில் தாள் நனைந்து கிடந்தது. அதை அவசரமாக அள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், தூறலுக்குப் போட்ட முக்காட்டால் எங்களைப் பார்க்காமல் நடு ரோட்டுக்கு வந்துவிட்டார்.

நான் திருப்பினேன். வண்டியின் பின்பக்கம் கண்மாய்ப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. முப்பது வருடம் வண்டி ஓட்டியவன், இது இனி என் கையில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் அடியில் கடகடவென்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து நேராக நிறுத்தியது போல இருந்தது. மஞ்சள் விளக்கு படபடவென்று மினுக்கியது. அந்த அம்மாளையும் தாண்டி, கரையையும் தாண்டி, நல்ல ரோட்டில் வந்து நின்றோம்.

"என்ன மாமா, பள்ளமா?" என்றது பிள்ளை, கண்ணைத் திறக்காமலே.

"ஆமாத்தா, சின்னப் பள்ளந்தான். நீ தூங்கு" என்றார் அக்கா.

பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தான் போன நாளுக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். என் கையைப் பிடித்து மெல்லச் சொன்னார்: "அன்னைக்கும் இப்படித்தான்டா போயிருக்கும். நான் ஒண்ணும் பண்ணலடா."

இத்தனை வருடம் அந்தப் பழி அவர் மனதுக்குள் இருந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அருப்புக்கோட்டையில் பேத்தி பிறந்தாள். பஞ்சாங்கம் பார்த்தவர் தயங்கித் தயங்கி, மூலம் என்றார். அக்கா பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு சிரித்தார். "வண்டிக்கு அஞ்சு நட்சத்திரம். அதுல வந்து எறங்குன எங்க ஆத்தா ஆறாவது" என்றார்.

அடுத்த வருடமே சர்க்கரை அவருடைய சிறுநீரகத்தைப் பிடித்தது. வாரம் இருமுறை காரியாபட்டி வழியாக மதுரைக்கு அழைத்துப்போவேன். ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வரும் சோர்விலும், மினுக்குதாடா என்று விளக்கைக் காட்டிக் கேலி செய்வார். கடைசியாகப் போன நாளில் பெல்ட் மாட்ட அவர் கையில் பலம் இல்லை. நான்தான் மாட்டிவிட்டேன்.

ரத்தம் கொடுத்த பிள்ளைகள், கூட இருந்து பார்த்த நர்சம்மாக்கள், கடையைப் பூட்டவிடாமல் பார்த்துக்கொண்ட பாளையம்பட்டிக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அன்று எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, தன் தாளையெல்லாம் ரோட்டை விட்டு ஒதுக்கிப்போட்ட அந்த அம்மாளுக்கும் நன்றி. அவர் பேர் கேட்க மறந்துவிட்டேன்.

இன்று திதி கொடுக்கும்போது ஐயர் அக்காவின் நட்சத்திரத்தைக் கேட்பார். எனக்குச் சபையில் பேச்சு வராதுதான். ஆனாலும் பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி அதைச் சொல்லப்போகிறேன்.