மியூட் பட்டன்

எங்கள் வீட்டு கேம் கன்சோலை நான் காசு கொடுத்துக் கடையில் வாங்கினேன் என்பதை என் மனைவி இன்னும் நம்புவதில்லை. யாரோ என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறாள். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, பொட்டென்று அணைந்துவிடும். மழைக்காலம் வந்தால் அதன் காற்றாடி போடுகிற சத்தத்தில், பக்கத்து ஃப்ளாட்டில் மாவரைக்கிறார்களோ என்று தோன்றும். மறுபடி போட்டால், போன முறை ஒழுங்காக அணைக்காமல் விட்டீர்கள் என்று அது என்னையே குற்றம் சொல்லும். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கண்ட்ரோலர் அதற்கு மேல். விரலே வைக்காவிட்டாலும் ஸ்டிக் தானாக இடது பக்கம் இழுக்கும். கிரிக்கெட் ஆட்டத்தில் நேராக அடித்தால் பந்து லெக் பக்கம் எகிறிக் கேட்ச் ஆகும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாரண்டி முடிந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். மாட்டுங்காவில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் திறந்து துடைத்து, அங்கேயே போட்டுக் காட்டினார். கடையில் பத்தரை மாற்றுத் தங்கமாக இருந்தது, செம்பூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் பழைய குணத்தைக் காட்டியது. கண்ட்ரோலரைத் தொடையில் ஓங்கித் தட்டினால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கும். நானும் நாற்பது வயதைத் தாண்டியவன், ஒரு மருந்து கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

என்னோடு ஆடுகிறவர் அத்தான், என் அக்காவின் கணவர். தாராவியில் இருக்கிறார். புனே வேலைக்குப் போன மகன் விட்டுவிட்டுப் போன கன்சோலில், ஐம்பதைத் தாண்டிய மனிதர் தானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார். ஞாயிறு சர்ச் முடிந்து சாப்பிட்டதும் அவர் அங்கேயும் நான் இங்கேயும் உட்கார்ந்து, நெட் மூலம் ஆடுவோம். தோற்றால் நான் மிஷினைத் திட்டுவேன். ஜெயித்தாலும், மிஷின் சரியாக இருந்தால் இன்னும் நன்றாக ஜெயித்திருப்பேன் என்பேன். அவருடையதும் அதே மாடல்தான், அதே கோளாறுகள்தான். ஆனால் அவுட் ஆனால், "நாந்தான் மாப்ள பந்தப் பாக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தைப் போடுவார். ஒரு நாளும் மிஷினைச் சொன்னதில்லை.

தோல் பை தைக்கும் பட்டறையைச் சொந்தமாக வைத்திருந்தவர் அவர். இடத்துக்காரர் காலி செய்யச் சொன்னதும் மூடினார். வேறு இடம் அமையவில்லை. அக்கா எனக்கு போன் போட்டாள். "ஒங்க கோடவுன்ல கேட்டுக்கு ஆள் தேடுதாங்களாமே, அத்தானுக்குக் கேளேன்ல. வீட்ல சும்மா இருந்து மனுசன் உருகிப் போறாரு" என்றாள். வருகிற லாரிகளைச் சரிபார்த்து உள்ளே விடுகிற வேலை அது. எங்கள் ஆபீஸும் கோடவுனும் தேவ்நாரில் ஒரே காம்பவுண்டில் இருக்கின்றன. கேட்கிறேன் என்றேன். பிறகு அத்தானிடமே, கேட்டுவிட்டேன், முதலாளி பார்க்கலாம் என்றிருக்கிறார் என்றும் சொன்னேன். நான் கேட்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் பேட்டிங். இந்தக் கண்ட்ரோலருக்குள்ளேயே மைக் இருக்கிறது. நடுவில் சின்னதாக ஒரு மியூட் பட்டன். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், நாம் பேசுவது எதிர்ப்பக்கம் போகாது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, அத்தான் வேலை விஷயம் என்னாயிற்று என்று சைகையால் கேட்டாள். நான் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. எரிந்ததை நான் பார்த்தேன்.

"கேக்கல. கேக்கப் போறதும் இல்ல" என்றேன். "அவரு கேட்டுல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிட்டு, போறவன் வாறவன்கிட்டல்லாம் நான் அவருக்கு மச்சினன்னு சொன்னா, எம் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் பந்து வீசினேன். அத்தானின் ஆள் மட்டையைத் தூக்கவே இல்லை. ஸ்டம்ப் பறந்தது. அடுத்த பந்துக்கும் புது ஆள் அப்படியே நின்றான். பிறகு அத்தான் குரல் வந்தது.

"மாப்ள, என் கண்ட்ரோலரு சரியில்ல. பேட்டு அசைய மாட்டேங்கு. இன்னைக்கு இத்தோட நிறுத்திக்கிடுவோம்."

ஒரு நாளும் மிஷினைச் சொல்லாத மனிதர் அவர். செட்டிங்க்ஸில் மைக்கைச் சோதிக்கிற இடம் ஒன்று உண்டு. சத்தம் போகிறதென்றால் ஒரு பச்சைப் பட்டை துள்ளும். மியூட்டை அழுத்தி, விளக்கு எரிய, "அத்தான், அத்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். பட்டை அசையவில்லை. அப்பாடா என்று இன்னொரு முறை சொன்னேன். துள்ளியது. பிறகு அசையவில்லை. பிறகு மறுபடி துள்ளியது. வாங்கிய நாளிலிருந்து இதை ஒழுங்காக வேலை செய் என்று திட்டிவந்தவன், அந்த ஒரு நிமிடமாவது இது ஒழுங்காக வேலை செய்திருக்க வேண்டும் என்று ஆண்டவரை வேண்டினேன். வேண்டும்போதே அசிங்கமாக இருந்தது. நான் பேசியது தப்பு என்பதற்காக அல்ல, அது அவர் காதில் விழுந்திருக்கக் கூடாதே என்பதற்காக வேண்டிக்கொண்டிருந்தேன்.

"கேட்டிருப்பாரா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எனக்கே கேட்டுதே, பத்தாதா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக முதலாளியிடம் போய் நின்றேன். தெரிந்தவர், நேர்மையான ஆள் என்றேன். என்ன உறவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வரச் சொல் என்றார். இவ்வளவுதான் விஷயம். இதற்காகவா இத்தனை வாரம் இழுத்தடித்தேன் என்று எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. உடனே அத்தானைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ரொம்ப சந்தோசம் மாப்ள, வாரேன்" என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. கேட்டிருக்கவில்லை என்று நான் மூச்சு விடப் போன நேரத்தில், "ஒன்னு சொல்லட்டா?" என்றார். "அங்க வச்சு நான் உன்னைய சார்னே கூப்பிடுதேன். நாம சொந்தம்னு அங்க யாருக்கும் தெரிய வேண்டாம். உனக்கும் அதான் சௌகரியம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்கிற மாதிரி சொன்னார். அப்படியெல்லாம் வேண்டாம் அத்தான், நான் உங்கள் மச்சினன்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "சரி அத்தான்" என்றுதான் சொன்னேன். சொன்னதும் மனசுக்கு லேசாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில், ஆபீஸில் கூட வேலை செய்கிறவரும் நானும் செம்பூர் ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரே ஆட்டோவில் போய் இறங்கினோம். அத்தான் புதுச் சீருடையில் கேட்டில் நின்றிருந்தார். சட்டை அவருக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. "குட் மார்னிங் சார்" என்றார். நானும் குட் மார்னிங் சொன்னேன். கூட வந்தவர், புது ஆள் நன்றாக இருக்கிறாரே, யார் மூலம் வந்தார் என்று இந்தியில் என்னைக் கேட்டார்.

"ஏஜென்சி ஆள்" என்றேன்.

அத்தான் எங்களுக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கேட்டதா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை.